தொடை எலும்பு வெட்டு ஜிக்: 6 டிகிரி வைத்தால் 7 டிகிரி வெட்டுகிறது, ஏன்?

கேள்வி

நான் இயந்திரப் பொறியாளர். முழங்கால் மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்பின் கீழ்முனையை வெட்டும்போது ரம்பத்துக்கு வழிகாட்டும் ஜிக் (வெட்டுச்சட்டம்) ஒன்றை எட்டு மாதமாக வடிவமைத்து வருகிறேன். எலும்புத் தண்டுக்கும், இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து முழங்காலுக்கு இறங்கும் சுமைக்கோட்டுக்கும் இடையிலான கோணம் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் 5 முதல் 7 டிகிரி. அதனால் 3 முதல் 9 வரை எந்தக் கோணத்திலும் நிறுத்த நுண்திருகு வைத்தேன். மரை இடைவெளி 0.5 மி.மீ., திருகு தள்ளும் நெம்புகோலின் நீளம் 40 மி.மீ., ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.7 டிகிரி. பூட்டுவதற்கு ஒரு கைத்திருகு.

மேசைமேல் அளந்தால் கச்சிதம். செயற்கை எலும்பில் 6 வைத்து வெட்டினால் ஒருமுறை 6.8, மறுமுறை 7.1. எலும்பு 60 மி.மீ. அகலம் என்றால் ஒரு டிகிரிக்கு ஓர் ஓரத்தில் 1 மி.மீ. கூடிவிடுகிறது. இரவில் படுத்தாலும் இந்த ஒரு மில்லிமீட்டர்தான் கண்முன் நிற்கிறது. மரையை இன்னும் நுண்மையாக்கட்டுமா?

பதில் 1 (எலும்பு முறிவு அறுவை மருத்துவர்)

வேண்டாம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, நோயாளி நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் கோணத்தை முன்கூட்டியே அளந்துவிடுகிறோம். எனக்கு 6.3 தேவையில்லை. 6 என்று வைத்தால் கடைசி வரை 6 ஆகவே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கேளுங்கள். இடது காலுக்கும் வலது காலுக்கும் கோணம் எதிரெதிர்ப் பக்கம் சாய்கிறது. பக்கம் மாறி 6 வைத்துவிட்டால் பிழை 12 டிகிரி! இது இடது, இது வலது என்று காட்டும் எழுத்து உங்கள் திருகில் எங்கே இருக்கிறது? இரத்தம் படிந்த கையுறையோடு, விளக்கொளியில், ஒரு பார்வையில் தெரிய வேண்டும்.

பதில் 2 (அறுவைக் கருவிப் பட்டறை, 22 ஆண்டுகள்)

தம்பி, உராய்வை நம்பிப் பூட்டியதுதான் கோளாறு. ரம்பம் அதிரும்போது எந்தக் கைத்திருகும் தளரும். தகட்டில் துளை போட்டு ஊசி செருகுங்கள். ஆனால் 1 டிகிரிக்கு ஒரு துளை வைத்தால் 30 மி.மீ. ஆரத்தில் துளை மையங்களுக்கு இடையே அரை மி.மீ.தான் இருக்கும், துளைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வெர்னியர் முறையில் செய்யுங்கள். ஒரு தகட்டில் 10 டிகிரி இடைவெளியில் ஏழு துளை, மேல் தகட்டில் 9 டிகிரி இடைவெளியில் ஏழு துளை. ஒவ்வொரு டிகிரி திருப்பும்போதும் ஒரே ஒரு ஜோடி நேராக வரும். 3 முதல் 9 வரை ஏழு நிலைகள் கிடைத்துவிடும். ஊசியில் 0.05 மி.மீ. தளர்வு இருந்தாலும் அந்த ஆரத்தில் 0.1 டிகிரிதான்.

இன்னொன்று: எலும்பில் அடித்த இணையான இரண்டு பின்களில் மட்டும் நிற்கும் ஜிக் கட்டை, அதிர்வில் அவற்றின் வழியே வெளியே ஊர்ந்து வரும். மூன்றாவது பின்னைச் சாய்வாக அடித்தால் அசையாது.

பதில் 3 (அறுவை அரங்கச் செவிலியர்)

எங்கள் பக்கத்தையும் பாருங்கள். நுண்மரைக்குள் இரத்தமும் எலும்புத்தூளும் புகுந்தால் தூரிகை எட்டாது. அழுக்கு உள்ளே இருக்கும்வரை 134 டிகிரி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலன்) வைத்தும் பயனில்லை. கருவி இல்லாமல் கையாலேயே முழுதாகப் பிரிக்க வேண்டும். அதே சமயம் அந்த ஊசி தனியே கழன்று காயத்துக்குள் விழவும் கூடாது. இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ரம்பத்தை எலும்பில் படவிடாமல், ஜிக்கின் வெட்டுத் தடத்துக்குள் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜில் பார்த்தேன். பூட்டு மட்டுமே 0.6 டிகிரி நழுவியிருந்தது. அண்ணன் சொன்னது சரி. நான் எட்டு மாதம் மரையைத்தான் சந்தேகித்தேன்.

நுண்திருகை எடுத்துவிட்டேன். ஊசியின் கழுத்தில் பள்ளம் வெட்டி, தகட்டைப் பிரித்தால் மட்டும் வெளியே வரும்படி வரைந்திருக்கிறேன். மருத்துவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: இடது, வலது இரண்டுக்கும் ஒரே தகட்டைப் புரட்டிப் பொருத்தினால், மேலே தெரியும் பக்கத்தில் அந்தக் காலுக்குரிய எழுத்து மட்டுமே இருக்கும், மற்றது அடியில் மறைந்துவிடும். இது போதுமா, அல்லது இரண்டு தனித்தகடுகளாகவே செய்துவிடட்டுமா?