கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் கீழே வைக்க முடியாத ஸ்காண்டிநேவிய நாவல்கள்

தாமிரபரணிக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மாத நாவல்களையும் ஆங்கிலத் துப்பறியும் கதைகளையும் இருபது ஆண்டுகளாகப் படித்துப் பழகியவன் நான். ஆசிரியர் சொல்வதற்கு முன்பே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற போட்டி மனப்பான்மையோடுதான் எப்போதும் படிப்பேன். கடைசி அத்தியாயத்தில் என் ஊகம் சரியாக இருந்தால் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

சென்ற மாதம் பழைய புத்தகக் கடை ஒன்றில், மாய் ஷோவல், பெர் வாலோ என்ற ஸ்வீடன் நாட்டு இணையர் எழுதிய 'ரோசன்னா' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. 1965இல் வெளிவந்த நூல். யோத்தா கால்வாயில் தூர்வாரும் இயந்திரம் அள்ளிய சேற்றோடு ஒரு பெண்ணின் உடலும் மேலே வருகிறது. அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை காவலர்கள் தொலைபேசிக்கு அருகில் காத்திருக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறார்கள். நாயகனான மார்ட்டின் பெக்குக்கு வயிறு சரியில்லை. மனைவியோடு அதிகம் பேசாமல் சிறு கப்பல் மாதிரிகளைச் செய்துகொண்டிருக்கிறார். எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லத்தக்க பக்கங்கள் ஏராளம். ஆனாலும் இரவு ஒன்றரை மணி வரை என்னால் விளக்கை அணைக்க முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. வேறு துப்பறியும் நாவலாக இருந்திருந்தால் விற்றவரிடம் சண்டைக்குப் போயிருப்பேன். இதைப் படித்து முடித்தபோது, அதாவது முடிக்காமல் விட்டபோது, கோபம் வரவில்லை. ஏதோ ஒரு கனம் மட்டும் நெஞ்சில் தங்கியிருந்தது. எனக்கே இது புதிராக இருக்கிறது. இந்த வகை நாவல்கள் எதைக் கொண்டு நம்மைக் கட்டிப்போடுகின்றன? அடுத்து எதைப் படிக்கலாம்? இரத்தமும் வெட்டும் அதிகமாக இருப்பவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம். மனத்துக்குள் நடக்கும் கலவரத்தைச் சொல்பவையே எனக்கு வேண்டும்.

பழைய அலமாரி:

உங்கள் பிரதி கிழிந்திருப்பது வருத்தத்துக்குரியது. ஆனால் நீங்கள் இழந்தது 'யார்' என்பதற்கான விடையை அல்ல, அவனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை மட்டுமே. குற்றவாளி யார் என்பது நூல் முடிவதற்கு வெகு முன்பே காவலர்களுக்கும் நமக்கும் தெரிந்துவிடுகிறது. நிரூபிக்கத்தான் வழியில்லை. உங்களுக்குக் கோபம் வராமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கட்டிப்போடுவது எது என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பயணம் செய்த கப்பலில் உடன் சென்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த நிழற்படங்களையும் வீட்டுப் படச்சுருள்களையும் வரவழைத்து, ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் எங்கே நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பெக் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதியை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதுவரை சேற்றில் கிடைத்த உடலாக மட்டுமே இருந்த ஒருத்தி, முன்பின் தெரியாத யாரோ எடுத்த படத்தின் ஓரத்தில், கோடை வெயிலில், உயிரோடு நடமாடுகிறாள். அந்தக் காட்சியில் நமக்குக் கிடைப்பது துப்பு மட்டுமல்ல. அவள் இறந்துவிட்டாள் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. அதற்கு முன்பு அத்தனை பக்கங்கள் வெறுமனே காத்திருக்க வைத்திருக்காவிட்டால் அந்த ஒரு சட்டகத்துக்கு இவ்வளவு வலு இருந்திருக்காது.

இருவரும் இதைத் தற்செயலாக எழுதவில்லை. பத்து நாவல்கள், பத்து ஆண்டுகள் என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டார்கள்; 1965 முதல் 1975 வரை அது நிறைவேறியது. குழந்தைகள் உறங்கிய பிறகு, இரவில், ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். முழு வரிசைக்கும் அவர்கள் கொடுத்த துணைத்தலைப்புக்கு 'ஒரு குற்றத்தின் கதை' என்று பொருள். அந்த ஒரு குற்றம் எந்தத் தனிமனிதனும் செய்ததல்ல. தன் மக்களைத் தொட்டில் முதல் சுடுகாடு வரை காப்பதாகச் சொல்லிக்கொண்ட ஸ்வீடன் அரசு, உள்ளுக்குள் யாரையெல்லாம் கைவிட்டது என்பதே அவர்களுடைய வழக்கு. பத்தாவது நூலை எழுதியபோதே நோயுற்றிருந்த வாலோ 1975இல் காலமானார்.

அடுத்து 'தி லாஃபிங் போலீஸ்மேன்' படியுங்கள். 1968இல் வெளிவந்து, அதன் ஆங்கிலப் பதிப்பு 1971இல் துப்பறியும் கதைகளுக்கான அமெரிக்காவின் எட்கர் விருதைப் பெற்றது. மழை கொட்டும் ஒரு நவம்பர் இரவில், வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்கத் தூதரகத்தின் முன் கூடியவர்களை அடக்குவதில் ஸ்டாக்ஹோம் காவல்துறை முழுவதும் மும்முரமாக இருக்கும்போது, நகரின் இன்னொரு மூலையில் ஒரு பேருந்தின் பயணிகள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே இவ்விரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஆசிரியர்கள் எந்தக் கருத்தும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள்.

பிறகு இன்னொரு ஸ்வீடன் எழுத்தாளரான ஹென்னிங் மங்கெலிடம் வாருங்கள். 1986 பிப்ரவரி 28 அன்று, திரைப்படம் பார்த்துவிட்டு மனைவியோடு மெய்க்காவலர் இல்லாமல் நடந்து சென்ற பிரதமர் ஓலோஃப் பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாரும் தண்டிக்கப்படாமலேயே 2020இல் அந்த வழக்கு மூடப்பட்டது. தங்கள் நாட்டில் இப்படி நடக்காது என்று நம்பியிருந்தவர்களின் திகைப்பு வாலண்டர் என்ற காவல் ஆய்வாளரை நாயகனாகக் கொண்ட மங்கெலின் நாவல்களில் ஊறிக் கிடக்கிறது என்பது என் எண்ணம். 1991இல் வந்த முதல் நாவலில், தாக்கப்பட்ட ஒரு விவசாயக் கிழவி இறப்பதற்கு முன் 'வெளிநாட்டான்' என்று பொருள்படும் ஒரே சொல்லை உச்சரிக்கிறாள்; அந்தச் சொல் செய்தியாளர்களின் காதுக்கு எட்டியதும் ஊர் என்னவாகிறது என்பதுதான் கதை.

கறாரான வாசகி:

பழைய அலமாரி ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அந்தப் பத்து நூல்களில் கடைசி மூன்று நான்கில் ஆசிரியர்களின் அரசியல் கதாபாத்திரங்களின் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். அதுபோலவே, மணமுறிவு, மது, மகளோடு மனத்தாங்கல் என்று வாலண்டருக்கு உயிரோட்டமாக இருந்தவை பின்னால் வந்தவர்கள் கையில் வார்ப்பு அச்சாகிவிட்டன. ஸ்டீக் லார்சனின் முதல் நாவலுக்கு ஸ்வீடிஷ் மொழியில் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்று பெயர். வன்முறையைக் கண்டிக்கும் நோக்கம் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் உள்ளே அந்த வன்முறை காட்டப்படும் விதம் உங்களுக்கு ஒத்துவராது. ஆகவே அதைத் தள்ளி வையுங்கள்.

நீங்கள் கேட்டது மனத்துக்குள் நடப்பது. அதற்கு நார்வேயின் காரின் ஃபொஸ்ஸும். கவிஞராக எழுத வந்தவர். வாக்கியங்களில் அது தெரியும். அவருடைய 'காலிங் அவுட் ஃபார் யூ' நாவலிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கப் பதிப்பில் இதற்கு 'தி இந்தியன் பிரைட்' என்று பெயர். நடுத்தர வயதுள்ள குந்தர் என்ற நார்வேக்காரர், உழவு இயந்திரங்கள் விற்பவர், நிதானமானவர், கூச்ச சுபாவம் உள்ளவர், மும்பைக்கு வந்து பூனா என்ற பெண்ணை மணந்துகொண்டு, வீட்டைத் தயார் செய்வதற்காக முன்னால் ஊர் திரும்புகிறார். அவள் வந்திறங்கும் நாளில் அவருடைய தங்கைக்குச் சாலை விபத்து நேர்கிறது. மருத்துவமனையை விட்டு நகர முடியாமல், விமான நிலையத்துக்கு ஊர்க்காரர் ஒருவரை அனுப்புகிறார். போனவர் அவளைக் காணாமல் திரும்புகிறார். மறுநாள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு புல்வெளியில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது.

இதைப் படிக்கும்போது நாம் அஞ்சுவது கொலைகாரனை அல்ல. ஒருவரையொருவர் நன்கறிந்த அந்தச் சிற்றூரில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத் தகவல் இருக்கிறது. சொன்னால் தெரிந்தவன் மாட்டுவான் என்ற தயக்கமும் இருக்கிறது. இதற்கிடையில், எதையோ பார்த்ததாகச் சொல்லும் ஓர் இளம்பெண் தன் சாட்சியத்தைவிட அதனால் தனக்குக் கிடைக்கும் கவனத்தை விரும்பத் தொடங்குகிறாள். அவள் நினைவில் இருப்பது எவ்வளவு, அவளே சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகிறது. முடிவிலும் ஃபொஸ்ஸும் நம்மை முழுமையாக விடுவிப்பதில்லை. உங்களுக்குப் பதினாறு பக்கங்கள் இல்லாமல் போனது நல்ல பயிற்சி என்றே சொல்வேன்.

இதற்கு அடுத்ததாக, ஸ்வீடனின் காரின் ஆல்வ்டேகன் எழுதிய 'மிஸ்ஸிங்'. வசதியான குடும்பத்தை விட்டு ஓடித் தெருவில் வாழும் சிபில்லா, ஓர் இரவாவது நல்ல படுக்கையில் தூங்குவதற்காக ஒரு வணிகரை ஏமாற்றி ஆடம்பர விடுதியில் அறை பெறுகிறாள்; காலையில் அந்த வணிகர் கொலையுண்டு கிடக்க, பழி இவள்மேல் விழுகிறது. முகவரியே இல்லாதவள் தன் பக்க நியாயத்தை யாரிடம் சொல்வாள்? 2001இல் நார்டிக் நாடுகளுக்கான 'கண்ணாடிச் சாவி' விருது இதற்குக் கிடைத்தது.

ஒஸ்லோவிலிருந்து ஒருவன்:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே வசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நார்வேயில் குற்றக் கதைகளுக்கென்று ஒரு பருவமே இருக்கிறது: ஈஸ்டர் விடுமுறை. குடும்பங்கள் மலைக் குடில்களுக்குப் போகும்போது பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஒன்றிரண்டு துப்பறியும் நாவல்களும் பையில் இருக்கும். பால் பெட்டியின் பக்கவாட்டில்கூடச் சிறு புதிர்க்கதை அச்சிடப்பட்டிருக்கும். முதல் ஈஸ்டரில் காலைத் தேநீருக்குப் பாலை ஊற்றிவிட்டு, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. இந்த வழக்கம் 1923இல் தொடங்கியது. நூர்டால் க்ரீக், நில்ஸ் லீ என்ற இரு இளைஞர்கள் எழுதிய நாவலுக்கான விளம்பரம், 'பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது' என்ற தலைப்பாகவே நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. பலர் அதைச் செய்தி என்றே நம்பிப் பதறினார்கள்.

இந்த நாவல்கள் என்றாலே பனியும் இருளும் என்று நினைக்கிறார்கள். திசம்பரில் ஒஸ்லோவில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு விடிந்து பிற்பகல் மூன்றேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்தவை கோடைக் கதைகள். 'ரோசன்னா'வின் உடல் கிடைப்பது சூலை மாதத்தில். கெர்ஸ்டின் ஏக்மன் 1993இல் எழுதிய 'ப்ளாக்வாட்டர்' நாவலில், வடக்கு ஸ்வீடனில் இருளே கவியாத நடுக்கோடை இரவில், ஒரு தாய் தன் சிறு மகளோடு காட்டுவழியே நடந்து போய், ஆற்றோரக் கூடாரம் ஒன்றில் இரண்டு பேர் கொலையுண்டு கிடப்பதைக் காண்கிறாள். எல்லாம் வெளிச்சத்தில் இருந்தும் என்ன நடந்தது என்று தெரிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே வந்த முதல் சூன் மாதத்தில் இரவு பதினொரு மணிக்கு வெளிச்சமான, ஆளரவமற்ற தெருவில் தனியே நடந்தபோது எனக்கேற்பட்ட அச்சத்துக்கு அந்த நாவலில்தான் சொல் கிடைத்தது.

சொற்பொறுக்கி:

மொழிபெயர்ப்பு பற்றிச் சுருக்கமாக. 1960களின் இறுதிவரை ஸ்வீடனில் அறிமுகமற்றவரை நேரடியாக 'நீ' என்று அழைப்பதில்லை; பட்டத்தையோ பதவியையோ சொல்லிப் படர்க்கையில் பேசுவார்கள். பிறகு சில ஆண்டுகளிலேயே எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்று அழைக்கத் தொடங்கினார்கள். பெக் வரிசை எழுதப்பட்ட பத்தாண்டுகள் இந்த மாற்றத்தின் மேல்தான் விழுகின்றன. ஆங்கிலத்தில் எல்லாம் 'யூ' என்று தட்டையாகிவிடுகிறது. நீ, நீங்கள், ஐயா என்ற படிகள் கொண்ட தமிழில் நேரடியாக மூலத்திலிருந்து வந்தால் இந்த நுணுக்கத்தைக் கொண்டுவர முடியும்.

ஐஸ்லாந்து எழுத்தாளர் ஆர்னால்டுர் இந்ரிதாசோனையும் யாரும் குறிப்பிடவில்லை. பெயர் காதில் 'இந்திரதாசன்' என்று விழும். இந்ரிதி என்பவரின் மகன் என்பதே பொருள். நம் தலைப்பெழுத்தைப் போலத் தந்தை பெயர்தான் அது. குடும்பப் பெயர் அல்ல. அதனால் அங்கே காவல் ஆய்வாளரைக்கூட எர்லெண்டுர் என்று இயற்பெயர் சொல்லித்தான் எல்லோரும் அழைக்கிறார்கள். 'சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்' நூலின் தொடக்கத்தில், ஒரு பிறந்தநாள் விழாவில் தரையில் உட்கார்ந்து எதையோ கடித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கையிலிருப்பது மனித எலும்பு என்பதை ஒரு மருத்துவ மாணவர் கண்டுகொள்கிறார். அந்தக் காட்சியில் இரத்தம் ஒரு துளி இல்லை.

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் நன்றி. 'காலிங் அவுட் ஃபார் யூ' வாங்கிவிட்டேன். குந்தர் மருத்துவமனை நடைபாதையில் நின்று கடிகாரத்தைப் பார்க்கும் இடம் வரை வந்திருக்கிறேன். விமானம் தரையிறங்கியிருக்கும். மேலே படிக்க மனமில்லாமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். யோ நெஸ்போவின் 'தி டெவில்ஸ் ஸ்டார்' வீட்டில் இருக்கிறது, அதைத் தொடலாமா?

பழைய அலமாரி:

வேண்டாம். அது நெஸ்போவின் ஹாரி ஹூலே என்ற காவலர் வரும் வரிசையில் ஐந்தாவது நூல். ஆங்கிலத்தில் அதைத்தான் 2005இல் முதலில் வெளியிட்டார்கள். 'தி ரெட்பிரெஸ்ட்', 'நெமெஸிஸ்' இரண்டையும் படிக்காமல் அதைத் தொட்டால், மூன்று நூல்களில் விரியும் ஒரு துரோகத்தின் விடை முதலிலேயே கைக்கு வந்துவிடும். மேலும் நீங்கள் கேட்டுக்கொண்ட அளவைவிட அதில் இரத்தம் அதிகம்.