கசின்ஸ் பகடைக் குழு: சாண்ட்பாக்ஸுக்கு எவ்வளவு தயார் செய்வது?

நான்: அக்கா, அடுத்த டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) கேம்பெயினுக்கு, அதாவது பல நாள் தொடரும் கதையாட்டத்துக்கு, நான்தான் டிஎம், ஆட்டத்தை நடத்துபவன். முன்பே எழுதிய கதை இல்லாமல், ஆடுபவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகும் சாண்ட்பாக்ஸாகவே நடத்தப் போகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது, கண்டம் முழுக்க மேப் போடட்டுமா, ஒரு ஊர் போதுமா?

அக்கா: ஒரு ஊர். அதைச் சுற்றி மேப்பை ஆறு மைல் ஹெக்ஸ்களாக, அதாவது அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துக்கொள். நாம் ஆடும் ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடைக்கு நாளுக்கு 24 மைல், அதாவது நான்கு ஹெக்ஸ். அடர்ந்த காடு, சதுப்பு என்றால் பாதிதான். காட்டு வழியில் எந்தத் திசையிலும் இரண்டு நாள் நடைதூரம் வரைந்தால் ஊரையும் சேர்த்து 61 ஹெக்ஸ் வரும். அதில் பத்துப் பன்னிரண்டில் ஏதாவது இருந்தால் பல மாதம் ஓடும். ராஜ வம்ச வரலாறு எல்லாம் யாராவது கேட்கும்போது எழுதிக்கொள்ளலாம்.

சித்தி: ஒரு ஹெக்ஸ் கிட்டத்தட்ட பத்துக் கிலோமீட்டரா! நடந்தே போகணுமா?

அண்ணன்: எனக்கு ஒரு சந்தேகம். முன்பு நண்பர்களோடு ஒரு சாண்ட்பாக்ஸ் ஆடினேன், டிஎம் "எங்கே வேண்டுமானாலும் போங்கள்" என்று சொல்லிவிட்டார், நாங்கள் சத்திரத்திலேயே உட்கார்ந்து எங்கே போவது என்று பேசிப் பேசியே அன்றைய ஆட்டம் முடிந்துவிட்டது. கதை இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகுமோ?

அக்கா: கதை இல்லாததால் இல்லை, தகவல் இல்லாததால். எதுவும் தெரியாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் அரை மணி நேரத்துக்குள் மூன்று சேதி காதில் விழ வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு இடமோ, அங்கே போனால் கிடைப்பதோ, அதில் உள்ள ஆபத்தோ தெரிய வேண்டும். உதாரணமாக: உப்பு வண்டி இரண்டு வாரமாக வரவில்லை, வண்டிக்காரரின் மனைவி தேடித் தருபவருக்கு 50 பொற்காசு தருகிறாள். வடக்கே இடிந்த கோபுரத்தில் ராத்திரி பச்சை வெளிச்சம். சதுப்புப் பாலத்தில் கோபுளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் சுங்கம் கேட்கின்றன, காசு வேண்டாமாம், உப்புதான் வேண்டுமாம்.

அண்ணன்: ஓ, அப்போ முதலும் மூன்றாவதும் ஒன்றோடொன்று தொடர்பு.

அக்கா: பார்த்தாயா, இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாய் 😊

நான்: சரி, போன உடனே அண்ணன் எல்லா கோபுளினையும் வெட்டிவிட்டால்?

அக்கா: வெட்டட்டும், தடுக்காதே. ஆனால் அந்தக் கோபுளின்கள் அங்கே இருந்ததால் என்ன நடக்காமல் இருந்தது என்பதை நீ முன்பே ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டும். சதுப்பில் இருந்த ட்ரோல் என்ற ராட்சதர்களை அவர்கள்தான் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள். இனி ட்ரோல்கள் இந்தப் பக்கம் வரும், வணிகர்கள் அந்த வழியை விட்டுவிடுவார்கள், ஊரில் உப்பு விலை ஏறும், குளிர்காலத்துக்கு இறைச்சி பதப்படுத்த வழியிருக்காது. இதில் எதையும் நீ கதையாக எழுதவில்லை, அவர்கள் செய்ததிலிருந்து வந்தது. எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்ததே அதுதான். அப்புறம் ஒரு காலண்டர் வைத்துக்கொள், ஆட்டத்தில் நாள் போகப் போக அடித்துக்கொண்டே வா. இவர்கள் கோபுரத்தில் பத்து நாள் சுற்றினால் வண்டிக்காரருக்கும் பத்து நாள் ஆகிறது.

சித்தி: என் மந்திரவாதி முதல் லெவல் ஆச்சே, ட்ரோல் வந்தால் ஒரே அடியில் காலி.

அக்கா: காலிதான் சித்தி, அதனால்தான் முன்கூட்டியே தெரிய வேண்டும். கடித்துப் போட்ட மாட்டு எலும்பு, மண்ணில் பெரிய கால்தடம், எதையாவது பார்த்துவிட்டுத் திரும்பிப் போக உங்களுக்கு வாய்ப்பு இருக்கணும். பென் ராபின்ஸ் என்ற டிஎம் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற சாண்ட்பாக்ஸ் ஆட்டத்தில் ஊரை விட்டுத் தள்ளிப் போகப் போக ஆபத்து கூடும், எவ்வளவு தூரம் போவது என்பது ஆடுபவர்கள் கையில். டி அண்ட் டியின் 1981 பேசிக் ரூல்ஸில் இருக்கும் ரியாக்‌ஷன் ரோலையும் சேர்த்துக்கொள் தம்பி. எதிரே வருவது உடனே பாயுமா, யோசிக்குமா என்று இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவது. 2 விழுந்தால் உடனே தாக்கும், 12 விழுந்தால் நட்பு, நடுவில் 6 முதல் 8 வரை குழப்பம், அங்கேதான் பேச்சுக்கு இடம் கிடைக்கும். வந்த எல்லாவற்றோடும் சண்டை போட்டே ஆகணும் என்றால் சுற்றி அலைய யாருக்கும் மனசு வராது.

அண்ணன்: இப்படி காட்டில் அலைவது இப்போது வந்த ஃபேஷனா?

அக்கா: இல்லை, முதலிலிருந்தே உண்டு. 1974-இல் வந்த டி அண்ட் டியின் முதல் ரூல் புத்தகங்களே காட்டுப் பயணத்துக்கு அவுட்டோர் சர்வைவல் என்ற வேறொரு போர்டு கேமின் பலகையை எடுத்துக்கொள்ளச் சொல்லின. அதற்கும் முன்னால் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், டி அண்ட் டியை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன் பிளாக்மூர் என்ற கற்பனை இடத்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

நான்: ஆனாலும் 12 ஹெக்ஸையும் ஒரு வாரத்தில் தயார் செய்ய முடியாதே.

அக்கா: செய்யாதே. எல்லாவற்றுக்கும் இரண்டு வரி போதும். ஒவ்வொரு செஷன் முடியும்போதும் "அடுத்து எங்கே?" என்று கேட்டு, வாக்கு வாங்கிவிட்டுத்தான் எழுந்திருக்க விட வேண்டும். அந்த இடத்தை மட்டும் அடுத்த வாரத்துக்குள் நன்றாக எழுது. இப்போதே கேளேன்.

நான்: சரி, எங்கே?

அண்ணன்: பாலம். உப்பு வாங்கிக்கொண்டு போய் கோபுளின்களிடம் பேசிப் பார்க்கலாம்.

சித்தி: நானும் பாலம். என் ஆள் எவ்வளவு உப்பு தூக்குவான்?

நான்: உங்கள் ஆளின் ஸ்ட்ரெங்த், அதாவது உடல் வலிமை எண் 8, அதைப் பதினைந்தால் பெருக்கினால் 120 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ சித்தி. உங்கள் மூட்டை முடிச்சும் அதற்குள்தான்.

சித்தி: அப்போ கழுதை வாங்கணும். விலை பார்த்துச் சொல்லு.