படகின் உலோகப் பொருத்திகளில் அரிப்பு: துத்தநாகக் கட்டிகளைக் கூட்டினால் போதுமா?

கேள்வி: பாய்மரப் பயணி

என்னுடைய சிறிய கண்ணாடியிழைப் படகு ஆண்டு முழுவதும் உப்புநீரில் நிற்கிறது. அண்மையில் கரையேற்றிப் பார்த்தபோது, மேல்தளக் கைப்பிடிக் கம்பிகளை இறுக்கியிருக்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைச் சுற்றிப் பழுப்புக் கறை வழிந்திருந்தது. அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகாணிகள் ஏறிய இடங்களில் வண்ணப்பூச்சு கொப்பளித்து, உள்ளே வெண்பொடி நிரம்பியிருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பித்தளை வால்வைச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிகிறது. மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைந்து அவற்றைக் காப்பதற்காகச் சுழலித் தண்டில் பொருத்திய துத்தநாகக் கட்டியும் முக்கால்வாசி கரைந்துவிட்டது. இன்னும் இரண்டு கட்டிகளைப் பொருத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று படகுத்துறையில் ஒருவர் கூறுகிறார். அது சரியா?

மறுமொழி: நங்கூரம்

சரியன்று. துத்தநாகக் கட்டி ஓர் உலோகத்தைக் காக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே நீரில் மூழ்கியிருக்க வேண்டும். அவற்றுக்கிடையே கம்பி வழியாகவோ நேரடித் தொடுகையாலோ மின்னிணைப்பும் இருக்க வேண்டும். மேல்தள போல்ட்டுக்கும் பாய்மரத்துக்கும் முதல் நிபந்தனையே பொருந்தாது. வால்வு மூழ்கியிருந்தாலும், கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், தண்டிலுள்ள கட்டி அந்த வால்வுக்கு எந்தப் பயனும் தராது.

நீங்கள் கண்ட மூன்றும் மூன்று வேறு நோய்கள். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். அது கீறப்பட்டால் மீண்டும் உருவாக ஆக்சிஜன் வேண்டும். வாஷரின் அடியிலும் முத்திரைப் பசை விட்டுப்போன இடுக்கிலும் தேங்கும் உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது, குளோரைடு செறிகிறது, படலம் உடைந்து எஃகு உள்ளுக்குள் குழிவிழுகிறது. வெளியே தெரியும் கறை அற்பமாக இருக்கும்போதே போல்ட்டின் நடுப்பகுதி பென்சில் முனைபோல் மெலிந்திருக்கக்கூடும் என்பதால், கறையைத் துடைத்து மெருகிடுவதோடு நிறுத்தாமல் ஒன்றிரண்டு போல்ட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். மாற்றும்போது 304 வகையைத் தவிர்த்து 316 வகையை வாங்குங்கள். பின்னதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் குளோரைடைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆயினும் இடுக்கில் நீர் தேங்கினால் அதுவும் தப்பாது.

பாய்மரத்தில் நடப்பது இருவேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொள்வதால் வரும் மின்வேதி அரிப்பு. அலுமினியம் தன்னைக் கரைத்து எஃகைக் காக்கிறது. திருகாணிகளைக் கழற்றி, குரோமேட் கலந்த காப்புப் பசையைத் தடவி, எஃகுத் தகட்டின் அடியில் நைலான் அட்டை வைத்துப் பூட்டுங்கள். கிராஃபைட் கலந்த மசகு வேண்டவே வேண்டாம். எஃகு அரிப்பதைவிட வேகமாக அது அலுமினியத்தை அரிக்கும்.

இளஞ்சிவப்பு வால்வுதான் உண்மையில் ஆபத்தானது. பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் வெளியேறி, துளைகள் நிறைந்த வலுவற்ற செம்பு எஞ்சியிருக்கிறது. வடிவம் மாறாததால் நல்லதுபோல் தோன்றும். கைப்பிடியை அழுத்தித் திருப்பினால் உடையும், படகு நீரை வாங்கும். அதை வெண்கலத்தால் ஆனதாக மாற்றாமல் படகை நீரில் இறக்காதீர்கள்.

மறுமொழி: கலங்கரை

மேலுள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் துத்தநாகம் கரைந்த வேகத்தைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. வழக்கமாக ஒரு பருவத்தைத் தாங்கிய கட்டி திடீரென விரைந்து கரைந்தால் மின்கசிவைத் தேடுங்கள். அடித்தளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பின் கம்பியிணைப்பு அந்த நீரில் மூழ்கிக் கிடந்தால், மின்கலத்திலிருந்து கசியும் மின்னோட்டம் ஏதேனும் ஒரு பொருத்தி வழியாகக் கடலுக்குள் இறங்கும். இறங்கும் இடத்திலுள்ள உலோகம் கரையும். ஓர் ஆம்பியர் நேர்த்திசை மின்னோட்டம் ஓராண்டு இடைவிடாது பாய்ந்தால் ஏறத்தாழ 9 கிலோ இரும்பைக் கரைக்கும் என்பது ஃபாரடே விதியின் கணக்கு. இரண்டு கட்டிகள் இதற்கு எம்மாத்திரம்?

கரை மின்சாரத்தை இணைத்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. தரைக்கம்பி மூலம் உங்கள் படகு பக்கத்துப் படகுகளோடு இணைந்துவிடுவதால், உங்கள் துத்தநாகம் அவர்களுடைய வெண்கலத்தைக் காத்துக்கொண்டிருக்கலாம். தரைக்கம்பியில் டையோடுகளாலான தடுப்பான் ஒன்றைப் பொருத்துவது இதற்குத் தீர்வு. தரைக்கம்பியை மட்டும் துண்டிக்காதீர்கள், அது உயிர்க்காப்பு.

கேள்வி கேட்டவர்: பாய்மரப் பயணி

இருவருக்கும் நன்றி. புதிய வெண்கல வால்வைத் தண்டின் கட்டியோடு கம்பியால் இணைக்க வேண்டுமா? கட்டிகளைக் கூடுதலாக வைப்பதால் தீங்கு ஏதேனும் உண்டா?

மறுமொழி: நங்கூரம்

இணைப்பதா, தனித்து விடுவதா என்பதில் படகு கட்டுவோரிடையே பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. ரப்பர் குழாயோடு மட்டும் இணைந்து, வேறு உலோகத்தைத் தொடாத நல்ல வெண்கலத்தைத் தனித்து விடுவதே என் விருப்பம்.

கூடுதல் துத்தநாகம் கண்ணாடியிழைக்குத் தீங்கு செய்யாது. மரப்படகாக இருந்தால், மிகைக் காப்பினால் பொருத்திகளைச் சுற்றி உருவாகும் காரம் மரத்தை நைந்துபோகச் செய்யும். 1824இல் ஹம்ஃப்ரி டேவி கப்பலின் செப்புத் தகடுகளை இரும்பையும் துத்தநாகத்தையும் கொண்டு காக்க முனைந்தார். செம்பு கரைவது நின்றது, ஆனால் நஞ்சாகச் செயல்பட்ட செம்பு நீரில் கலக்காததால் கப்பலடியில் ஒட்டி வாழும் கொட்டலசுகள் அடர்ந்து வளர்ந்தன.

ஊகிப்பதை விட அளப்பது நல்லது. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையைக் கடலில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையைத் தண்டில் வையுங்கள். கட்டி இணைந்திருக்கும்போது காட்டும் மின்னழுத்தம், இணையாதிருந்ததைவிட 200 மில்லிவோல்ட்டாவது எதிர்க்குறிப் பக்கம் நகர்ந்திருந்தால் காப்பு போதுமானது. பாதி கரைந்ததும் கட்டியை மாற்றுங்கள், அதன்மேல் வண்ணம் பூசாதீர்கள்.