கொசஸ்தலை ஆற்றில் ஆகஸ்ட் மாத உள்ளான்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நெட்டுக்குப்பம் சைக்கிள்

போன ஆகஸ்ட், மூன்றாவது ஞாயிறு. எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றினால் தெரியுமே ஒரு திட்டு, அங்கேதான். சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான் நாற்பது இருக்கும். அதில் ஆறேழு கர்லூ சாண்ட்பைப்பர், அலகு கீழே வளைந்த உள்ளான், இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் நிறம் இன்னும் போகாமல். ஒன்றின் காலில் கொடி!

எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் மாட்டுவது. முட்டிக்கு மேலே சின்ன பிளாஸ்டிக் கொடி, மூன்று எழுத்து. இரண்டைப் படித்துவிட்டேன். மூன்றாவதன் மேல் சேறு. பறவை நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குள் போனது, அலகைத் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே. தண்ணீர் கொடி வரைக்கும் ஏறியது, சேறு கரைய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஃபைபர் படகு. மொத்தக் கூட்டமும் எழும்பி, ஒரே திருப்பில் வயிறெல்லாம் வெள்ளையாக மின்னி, காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டது. அப்புறம் நான்கு ஞாயிறு போனேன். கிடைக்கவில்லை.

யாரோ ஒருவர் அதைக் கையில் பிடித்து, எடை போட்டு, கொடி மாட்டி விட்டிருக்கிறார். அவருக்கு நான் அனுப்ப வேண்டிய பதில் ஒரு எழுத்துக் குறைவாக என் நோட்டில் கிடக்கிறது.

கும்மிடிப்பூண்டி லோக்கல்

நான் தினமும் ரயிலில் போகிறவள். எண்ணூர் தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு நாள் சிக்னலில் வண்டி நின்றது. கீழே பச்சைக்கால் உள்ளான் ஒன்று, அலகில் குறுக்காக ஒரு மீன். நாலு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்து, தலைப்பக்கம் உள்ளே வருகிற மாதிரி திருப்பி விழுங்கியது. கழுத்தில் அந்த மீன் இறங்கியதுகூடத் தெரிந்தது.

பக்கத்தில் பூக்கூடை வைத்திருந்த அக்கா, "இன்னாமா பாக்குற?" என்றார். ரஷ்யா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிற பறவை என்றேன். எட்டிப் பார்த்தார். ஒருபுறம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, கீழே சாம்பல் படிந்த சேறு. "அவ்ளோ தூரத்துலேந்து இங்கயா வருது, பாவம்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

மணலி மொட்டைமாடி

சைக்கிள் அண்ணே, தப்பாக நினைக்க வேண்டாம். ஆகஸ்டில் செங்கல் நிறமா? நான் பார்த்ததெல்லாம் சாம்பல் நிறம்தான். மணல் உப்புக்கொத்தி என்ற கரைப்பறவைக்கும் நெஞ்சு சிவப்பாக இருக்கும், அதுவாக இருக்கலாம். அலகைப் பார்த்தீர்களா?

பழவேற்காடு பழசு

மாடி சார், நீங்கள் டிசம்பர், ஜனவரியில் போயிருப்பீர்கள், அதற்குள் சிவப்பு உதிர்ந்து சாம்பல் ஆகிவிடும். உப்புக்கொத்தி ஓடி, நின்று, கொத்தும். தையல் மிஷின் மாதிரி குத்தாது. கர்லூ சாண்ட்பைப்பரில் ஆண் அடைகாப்பதில்லை. சைபீரியத் துந்திரப் பகுதியில் பெட்டை முட்டையில் உட்கார்ந்ததும் ஆண்கள் தெற்கே கிளம்பிவிடும், பெட்டைகள் பின்னால் வரும். ஆகஸ்டில் இங்கே இறங்கும் வளர்ந்த பறவைகள் பல பாதிச் சிவப்போடுதான் இருக்கும். அந்த வருடத்துக் குஞ்சுகள் கடைசியில், வழிகாட்டப் பெரியவர் யாரும் இல்லாமல் வரும். அவற்றில் அந்தச் சிவப்பு இருக்காது. சைக்கிள் பார்த்தது சரி.

என் கதை சிறியது. ஒரு கொசு உள்ளான் கூட்டத்தைப் படம் எடுக்கிறேன் என்று மூன்று முறை கிளப்பிவிட்டேன். மூன்றாவது முறை ஒன்று மட்டும் பறக்கவில்லை. தலையைச் சிறகுக்குள் செருகி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் எடையே 25 கிராம் அளவுதான். பயணத்தில் கொழுப்பெல்லாம் கரைந்திருக்கும். அத்தோடு கிட்டே போவதை விட்டேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: தண்ணீர் ஏற ஆரம்பிக்கும்போது போங்கள். திட்டு சுருங்கச் சுருங்க அவையே உங்கள் பக்கம் நெருங்கும், நீங்கள் நடக்கவே வேண்டாம். காலையில் கடலை முதுகுக்கு வைத்து நில்லுங்கள், வெயில் பறவை மேல் விழும். கச்சான் காத்து அடிக்கிற நாளில் டெலஸ்கோப் ஆடும், ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். தலை தூக்கி நின்றுவிட்டால் அவை உங்களைக் கவனித்துவிட்டன என்று அர்த்தம், அங்கேயே உட்காருங்கள். கொடி தெரிந்தால் எழுத்தோடு கொடியின் நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் குறியுங்கள். எந்த நாட்டில் மாட்டியது என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

காட்டுக்குப்பம்

நான் பறவை பார்க்கப் போனவன் இல்லை. எங்கள் அம்மா அந்த ஆற்றில் கையால் தடவி இறா பிடிப்பவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, அந்த வாரம். வலைக் கயிற்றில் ஒரு உள்ளான், வயிறு வரைக்கும் கருப்பு. அலகால் இறகைக் கோத, அலகும் கருப்பானது. அம்மா அதைப் பிடித்து முந்தானையால் துடைத்தார். அவர் கையே எண்ணெய், துடைக்கத் துடைக்க இன்னும் ஒட்டியது. கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தோம். விடியற்காலையில் கூடை நகர்ந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பறந்ததா, நாய் எடுத்ததா தெரியவில்லை.

அடுத்த ஆடிக் கடைசியில் ஆற்றிலிருந்து வந்த அம்மா, கால்கூடக் கழுவாமல், "டேய், வந்துட்டாங்கடா" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

நெட்டுக்குப்பம் சைக்கிள்

காட்டுக்குப்பம் தம்பி, அம்மா எந்தப் பக்கம் இறங்குவார்? படகு வராத இடமாக இருந்தால் இந்த ஞாயிறு அங்கே வந்து நிற்கிறேன்.