பாடி முடித்ததும் டிரம்பெட் சுருதி இறங்குகிறது: ஆன்ட்ரியா மோட்டிஸ் எப்படிச் சமாளிக்கிறார்?

கோத்தகிரி ஊதுகுழல்:
ஆன்ட்ரியா மோட்டிஸ், 1995-ல் பிறந்த பார்சிலோனாக்காரர். பாட்டு, டிரம்பெட், சாக்ஸபோன் மூன்றும் கைவந்தவர். ஒரு சரணம் பாடிய கையோடு டிரம்பெட்டை எடுத்தால் சுருதி அசையாமல் நிற்கிறது. இங்கே டிசம்பர் மாலையில் அதையே செய்தால் டிரம்பெட் இறங்குகிறது, கிட்டார் ஏறுகிறது. உதட்டை இறுக்கினால் தொனி மெலிகிறது. வழி என்ன? அவரை எந்த ஆல்பத்தில் கேட்கத் தொடங்கலாம்?

ஊட்டி பித்தளை:
உதடு காரணமில்லைங்க, குளிர்தான். பாடும் நேரத்தில் குழாய்க்குள் இருக்கும் காற்று ஆறிவிடும். 1 டிகிரி ஆறினால் சுமார் 3 சென்ட் இறக்கம் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 5 டிகிரி என்றால் 15 சென்ட், காது உடனே பிடிக்கும். கிட்டாரில் நேர்மாறு, குளிரில் கம்பி சுருங்கி இறுகும்.

பாடும்போது டிரம்பெட்டை ஸ்டாண்டில் விடாமல் ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொள்ளுங்க. வரிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் மூன்று வால்வையும் அழுத்தியபடி, ஒலி எழாமல், சூடான மூச்சை உள்ளே விடுங்க. அப்போதுதான் எல்லா வளைவுகளும் சூடாகும். பத்து நிமிஷம் வாசித்த பிறகே ஸ்லைடை, அதாவது உள்ளே வெளியே நகரும் சுருதிக் குழாயை, வைத்துச் சுருதி சேர்க்கணும். ஆறிய குழாயில் சேர்த்தால் பாதிப் பாட்டில் ஏறிவிடும். வால்வு எண்ணெய் மெல்லியதாக இருக்கட்டும்.

குன்னூர் கேட்பவர்:
2017-ல் இம்பல்ஸ் இசை நிறுவனம் வெளியிட்ட 'எமோஷனல் டான்ஸ்' நல்ல தொடக்கம். அவர் சிறுமியாக வளர்ந்த சான்ட் ஆன்ட்ரியு ஜாஸ் பேண்ட், ஜோன் சமோரோ நடத்தும் சிறுவர் குழு. அந்தப் பதிவுகளையும் விடாதீங்க. அவர் வாசிப்பில் எனக்கு மிகப் பிடித்தது, டிரம்பெட் தனியாவர்த்தனமும் பாட்டு மாதிரியே மூச்சு விடுவது. பாடும்போது எங்கே மூச்செடுக்கிறார் என்று குறித்துவைத்து, அடுத்து வரும் டிரம்பெட்டைக் கேளுங்க. 4 பார், அதாவது 4 தாளச் சுற்று, பாடுங்க, அதே 4 பாரை அதே மூச்சில் வாசியுங்க. வேகம் பிறகு வரும்.

கேத்தி கட்டை:
ஒன்று விட்டுப்போச்சு. உங்களுடையது பி ஃப்ளாட் டிரம்பெட் என்றால், வாசிக்கும் சுரத்தைவிட ஒரு முழுச் சுரம் கீழே அது ஒலிக்கும். அதனால் 5 கட்டையில், அதாவது ஜி-யில் பாடினால், நீங்க ஏ-யில் வாசிக்கணும், மூன்று ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றிய சுரங்கள்). 6½ கட்டை, அதாவது பி ஃப்ளாட் உங்க குரலுக்கு ஒத்துவந்தால் டிரம்பெட்டில் அது சி. விரலுக்கு மிக லேசு. பாட்டின் சுருதியை முதலில் குரலுக்குத் தேர்ந்தெடுங்க, விரல் பழகிக்கொள்ளும்.

கோத்தகிரி ஊதுகுழல்:
ரொம்ப நன்றிங்க. இடைவேளையில் டீ குடிக்கலாமா?

ஊட்டி பித்தளை:
சர்க்கரை போட்டது வேண்டாம். மூச்சோடு உள்ளே போய்ப் படிந்து வால்வு ஒட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.