வீட்டுக் கோடியில் தேனீப் பெட்டி: இரண்டு கூட்டங்கள் ஓடிவிட்டன, மூன்றாவதை எங்கே வைப்பது?

கேள்வி (தலவாக்கலைப் பக்கத்திலிருந்து)

வணக்கம். எங்கள் வீடு தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்தபோது கிடைத்த ஏழு பேர்ச் காணியில் இருக்கிறது. வாசல் மேற்கே தேயிலை மலையைப் பார்த்திருக்கிறது. பின்புறத்தில், காணியை மட்டப்படுத்துவதற்காக வெட்டிய மண்மேடு ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கிறது. அது தெற்கு மூலையை நெருங்கும்போது சரிந்து இடுப்பளவாகிவிடும். வடக்கே தண்ணீர்ப் பீலிக்குப் (குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போகும் இடம்) போகும் ஒற்றையடிப் பாதையும், தெற்கே ஒரு மரக்கறிப் பாத்தியும் கொய்யா மரமும் பக்கத்து வீட்டு வேலியும் உள்ளன.

இரண்டு வருடங்களில் இரண்டு கூட்டங்களை இழந்துவிட்டேன். முதற் பெட்டியை, தேயிலைக்கு அப்பாலுள்ள யூகலிப்டஸ் மரங்களுக்கு நேராகப் பறந்து போகட்டும் என்ற எண்ணத்தில், முன்முற்றத்தின் ஓரத்தில் மேற்குப் பார்த்து வைத்தேன். ஜூன் மழையில் நான்கு நாட்கள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு தேனீயும் இல்லை. அடிப்பலகை ஊறிப்போய், அடைகளின் ஓரங்களில் பூசணம் பிடித்திருந்தது. இரண்டாவது பெட்டியைப் பின்புறத்தில் குசினிச் சுவரோடு சேர்த்து, தாழ்வாரத்தின் கீழ் வைத்தேன். மழை படவில்லை. ஆனால் இரவில் வெளிவிளக்கைப் போட்டதும் தேனீக்கள் வந்து பல்பைச் சுற்றின. மகளுக்கு இரண்டு முறை கொட்டும் விழுந்தது. எறும்பு ஏறாமல் பெட்டியின் கால்களுக்குத் தண்ணீர்த் தகரங்கள் வைத்திருந்தும் அந்தக் கூட்டம் நான்கு மாதங்களுக்கு மேல் தங்கவில்லை.

இப்போது, மெழுகு தடவிக் கொய்யா மரத்தில் கட்டியிருந்த மண்முட்டியில் ஒரு கூட்டம் தானாக வந்து குடியேறி மூன்று வாரங்கள் ஆகின்றன. இதைப் பெட்டிக்கு மாற்ற விரும்புகிறேன். பெட்டியை எந்த இடத்தில் வைப்பது?

பதில் (பண்டாரவளையிலிருந்து)

தம்பி, நம் நாட்டுப் பொந்துத் தேனீ இடம் பிடிக்காவிட்டால் பொறுத்துக்கொண்டு இருக்காது. எறும்பு, அடையை அரிக்கும் மெழுகு அந்து, பசி, ஓயாத தொந்தரவு என்று எது மிஞ்சினாலும் அடைகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். ஆகவே பெட்டியைத் திறந்து பார்ப்பதையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைப் பொறுத்தவரை, காலை வெயில் விழுந்து பிற்பகல் வெயில் மறையும் இடமே நல்லது. குஞ்சு வளரும் அடைகளைத் தேனீக்கள் 33 முதல் 35 பாகை வரையான சூட்டில் வைத்துக் காக்கின்றன. உச்சி வெயிலில் தகர மூடியோடு பெட்டி காய்ந்தால், தேன் சேர்க்க வேண்டிய தேனீக்கள் தண்ணீர் சுமப்பதிலும் சிறகால் விசிறுவதிலும் நாளைக் கழிக்கும். என்னுடைய பெட்டிகள் எல்லாம் கிரவிலியா மரங்களின் அடர்ந்த நிழலில்தான் இருக்கின்றன. உங்கள் கொய்யா மரத்தடியிலேயே வைத்துவிடுங்கள் என்பேன்.

பதில் (ஹட்டன் பக்கத்திலிருந்து)

மேலே எழுதிய அண்ணன் சொன்ன காலை வெயிலை ஏற்கிறேன்; அடர்ந்த நிழலை ஏற்க முடியவில்லை. அது பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்குச் சரியாக இருக்கலாம். அங்கே பெருமழை வடகீழ் பருவப்பெயர்ச்சியோடுதான் வரும். ஆடி மாதத்தில் காய்ந்த காற்று வீசும்போது நிழல் ஒரு வரம். நம் பக்கமோ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சியை நேராக நெஞ்சில் வாங்கும் சரிவு. வாரக்கணக்கில் மூட்டம் கலையாத நாட்களில் மரத்தடியில் மழை நின்ற பின்பும் சொட்டு நிற்பதில்லை. இங்கே இடத்தைத் தீர்மானிக்க வேண்டியவை காற்றும் ஈரமும்தான். வெயிலின் கணக்கு அதற்குப் பிறகு. உங்கள் முதற் கூட்டம் ஏன் போனது என்பதற்கு ஊறிய அடிப்பலகையே சாட்சி. மேற்கே பார்த்த வாசலுக்குள் சாரல் நேராக அடித்திருக்கிறது.

காற்றை ஊகத்தில் அளக்காதீர்கள். பெட்டி வரக்கூடிய ஒவ்வோர் இடத்திலும், இரண்டரை அடி உயரத்தில் ஓர் ஊதுபத்தியைக் குத்தி வைத்து, காலையிலும் பின்னேரத்திலும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். புகை கிடையாகப் பிய்ந்து போகும் இடம் வேண்டாம். அசையாமல் அங்கேயே தேங்கி நிற்கும் இடமும் வேண்டாம்; காற்றோட்டமில்லாத அந்தக் குழியில் பனியும் குளிரும் இறங்கித் தங்கும். மண்மேட்டின் அடியை நான் அந்தக் காரணத்துக்காகவே தவிர்ப்பேன். போதாதற்கு, மேட்டில் ஊற்று இறங்கும், அடைமழையில் மண்ணும் சரியும்.

இரண்டாவது கூட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி. கால்களைத் தவிர வேறு எதுவும் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்ததா? ஒரு புல் நுனி போதும், எறும்புக்கு அது பாலம்.

கேட்டவர்

அந்தப் பெட்டி இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. இன்று போய்ப் பார்த்தேன். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் ஒருபோதும் கவனித்திருக்க மாட்டேன். வெளிவிளக்குக்குப் போகும் வயர் தொய்ந்து, மூடியின் பின் விளிம்பில் உரசிக்கொண்டிருக்கிறது. அந்த வயரின் மேல் நூல் போல எறும்பு வரிசை இப்போதும் ஓடுகிறது. தகரங்களில் நான் நாள் தவறாமல் தண்ணீர் நிரப்பியதெல்லாம் வீணாகியிருக்கிறது.

ஊதுபத்தியும் வைத்துப் பார்த்தேன். முன்முற்றத்தில் இரண்டாவது பத்தி கொளுத்தியவுடனேயே அணைந்துவிட்டது. மண்மேட்டின் அடியில் புகை முழங்கால் உயரத்தில் படுத்துக் கிடந்தது. மரக்கறிப் பாத்தியின் கிழக்கு முனையில், மேடு சரிந்து தாழும் இடத்தில், புகை மெதுவாக எழுந்து பிறகு சாய்கிறது. மேற்கிலிருந்து வருவதை வீட்டு மூலை தடுக்கிறது போலும். காலை ஏழேகாலுக்கு அங்கே வெயில் விழுகிறது. ஆனால் பக்கத்து வீட்டு வேலி பன்னிரண்டு அடி தூரத்தில்தான் இருக்கிறது, அந்த வீட்டு அம்மாவோ பெட்டியை எடுத்துவிடும்படி ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

பதில் (இராகலையிலிருந்து)

அந்த அம்மாவின் பயத்தைக் குறைவாக மதிக்காதீர்கள். கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து கொட்டி, ஆட்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை நம் தோட்டங்களில் காணாதவர்கள் குறைவு. நாம் குளவி என்று சொல்லிப் பழகியது பெரும்பாலும் பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடும் பெரிய மலைத்தேனீயைத்தான். பெட்டியில் இருப்பது வேறு சாதி, உருவில் சிறியது, இருட்டான பொந்துக்குள் பல அடைகளை அடுக்கிக் கட்டுவது, சுபாவத்திலும் சாதுவானது. நான் இதை வாயால் விளக்காமல், பக்கத்து வீட்டாரை ஒரு காலையில் அழைத்துப் பெட்டிக்குப் பின்னால் நிற்கவைத்துக் காட்டினேன். முதல் தேன் எடுத்தபோது ஒரு போத்தலும் கொடுத்தேன். இரண்டில் எது வேலை செய்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்வதானால், தேனீக்களின் பறக்கும் பாதை ஆளின் தலைக்கு மேலே போய்விட்டால் சண்டையில் பாதி தீர்ந்தது. வாசலுக்கு முன்னால் ஆறேழு அடி வெளியாக விட்டு, அதற்கப்பால் ஆளுயர வேலியொன்று அடர்த்தியாக இருந்தால், அவை எழும்பித்தான் போக வேண்டும். உங்கள் பக்கத்தில் வேலி பன்னிரண்டு அடியில் இருப்பது குறையல்ல. அதை ஆறடி உயரத்துக்கு வளரவிடுங்கள். வாசலைத் தென்கிழக்காகத் திருப்புங்கள். பீலிப் பாதையைப் பார்த்து மட்டும் வைக்காதீர்கள், ஈர உடையோடு பிள்ளைகள் ஓடிவரும் வழி அது. பெட்டியின் பின்னால் நீங்கள் நின்று வேலை செய்ய இடம் இருக்கட்டும். வெளிவிளக்கின் ஒளி வாசலில் விழாத கோணமாகவும் பாருங்கள். பாத்திக்கு மருந்தடிப்பதானால், பூத்திருக்கும் செடிகளை விட்டு, தேனீக்கள் அடங்கிய பின்னேரத்தில் அடியுங்கள். கொட்டினால் ஒவ்வாமை காணும் ஆள் இரு வீட்டிலும் யாராவது உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அங்கே பெட்டி வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பதில் (ஹட்டன் பக்கத்திலிருந்து)

இடம் சரி. இனி அவசரப்பட்டு முட்டியை ஒரே இரவில் அங்கே கொண்டுபோய்விடாதீர்கள். வெளியே போய் வரும் தேனீக்கள் பழைய இடத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கும். மறுநாள் அவை கொய்யாக் கிளைக்கே திரும்பி வந்து, வெறும் கிளையைச் சுற்றிச் சாகும். இருட்டியபின் முட்டியைக் கட்டோடு அதே கிளைக்கு நேர் கீழே இறக்கி, ஒரு முக்காலியின் மேல் அசையாமல் வையுங்கள். சாய்க்கவே வேண்டாம், மூன்று வார அடை வெண்ணெய் போலிருக்கும், அறுந்து விழுந்துவிடும். இரண்டு நாட்கள் விட்டு, பிறகு நல்ல வெயிலுள்ள நாட்களில் மட்டும் ஒரு நாளைக்கு ஓரடி வீதம் நகர்த்துங்கள். போய்ச் சேர்ந்த பிறகே பெட்டிக்கு மாற்ற வேண்டும். பெட்டி முன்பக்கம் ஒரு விரலளவு தாழ்ந்திருந்தால் உள்ளே புகும் நீர் வாசல் வழியே வடிந்துவிடும். முட்டியிலிருந்து பெட்டிக்கு மாற்றுவதை முன்பு செய்ததில்லையென்றால், பண்டாரவளை பிந்துனுவெவவிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவில் ஒருமுறை விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேட்டவர் (பதினெட்டு நாட்களுக்குப் பிறகு)

கொய்யாவிலிருந்து பாத்தியின் முனைக்குப் பதினோரு அடி. மழை குறுக்கிட்டதால் பதினாறு நாட்கள் பிடித்தன. மூன்றாம் நாள் அவசரத்தில் இரண்டடி நகர்த்திவிட்டேன். அன்று காலை முழுவதும் ஒரு பிடி தேனீக்கள் பழைய இடத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தன, மத்தியானத்துக்குள் கண்டுபிடித்து வந்துவிட்டன. அதற்குப் பிறகு அடி அளவை மீறவில்லை. வயரைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்து, பல்பை வீட்டின் வடக்கு மூலைக்கு மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா இன்னும் பெட்டிக்குப் பின்னால் வந்து நிற்கவில்லை. ஆனால் வேலியை வெட்ட வேண்டாம் என்று மகனிடம் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. வரும் சனிக்கிழமை பிந்துனுவெவவுக்குப் போகலாம் என்றிருந்தேன், அலுவலக நாளில்தான் போக வேண்டும் என்று மனைவி நினைவூட்டியதால் திங்கட்கிழமை போகிறேன்.