ஆர்.சி.சி.பி.: தடுப்பானா, துண்டிப்பானா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். வயர்மேன் படிக்கும் மாணவர்களுக்கான ஒரு சிறு கையேட்டைத் தமிழில் கொண்டுவருகிறேன். பழைய வீடுகளில் பீஸ் போர்டைக் கழற்றிவிட்டுப் வீட்டு லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் புதிய டி.பி. பெட்டி வைப்பது எப்படி என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பீஸுக்கு ‘உருகி’, ஓவர்லோடு வந்தால் தானே நின்றுவிடும் எம்.சி.பி.க்குச் ‘சுற்றுமுறிப்பான்’ என்று போட்டுவிட்டேன். கரண்ட் கசிந்தால் இணைப்பை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யில்தான் நிற்கிறேன். விழிப்புணர்வு அறிவிப்புகளில் ‘மின்கசிவு தடுப்பான்’ என்று வருகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற மின்பொறியாளர், ஈரோடு

வேண்டாம் அம்மா. பழகிய சொல்தான், ஆனால் தவறான நம்பிக்கை கொடுக்கிற சொல். அந்தக் கருவி கசிவைத் தடுப்பதே இல்லை. கசிந்த பிறகுதான் அதற்கு வேலை.

உள்ளே ஒரு காந்த வளையம் இருக்கிறது. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் அந்த வளையத்துக்குள் நுழைந்துதான் செல்லும். போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்துவிடும். வாஷிங் மெஷின் கூடு வழியாகவோ, அதைத் தொட்ட ஆளின் உடம்பு வழியாகவோ கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். வளையத்தில் சுற்றியிருக்கும் சுருள் அந்த வித்தியாசத்தை உணர்ந்து ரிலேயைத் தட்டிவிடும், கரண்ட் நின்றுவிடும். வீட்டுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நிறுத்திவிடுவது. 5 ஆம்பியர் பீஸோடு ஒப்பிட்டால் அது சுமார் 167இல் ஒரு பங்குதான். ஆனால் ஆள் உயிரை எடுக்க 5 ஆம்பியர் தேவையில்லை. ஆளைக் கொல்லும் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போதும் பீஸ் சும்மா இருக்கும். பீஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காக்க வைத்தவை. இது ஆளைக் காக்க வைத்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஊரில் இதை இன்னமும் ‘ஈ.எல்.சி.பி.’ என்கிறார்கள். பழைய ஈ.எல்.சி.பி. வோல்டேஜைப் பார்த்து வேலை செய்தது. எர்த் ஒயர் வழியாக வரும் கோளாறு மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒருவர் பேஸைத் தொட்டு, கரண்ட் அவர் கால் வழியாகத் தரைக்குப் போனால் அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ப்பெயர் வைத்தால் மாணவன் பழையதையே பார்த்துவிட்டு ‘இருக்கிறதே’ என்று விட்டுவிடுவான்.

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

ஐயா சொன்ன விளக்கம் அருமை. ‘சுற்றுமுறிப்பான்’ என்பதில் இருக்கும் முறியைப் பற்றி ஒரு வார்த்தை. முறிதல் தன்வினை, முறித்தல் பிறவினை. விஷக்கடிக்கு முறிமருந்து கொடுப்பது நம் வழக்கு. ஓலை நறுக்குக்கு முறி என்று பெயர், கடன்பத்திரம் முறிச்சீட்டு. மலையாளத்தில் முறி என்றால் அறை, வீட்டை வெட்டிப் பிரித்த பகுதி. ஒன்றாக இருந்ததைப் பிரிக்கும் பொருள் எல்லாவற்றிலும் நிற்கிறது. ஆகவே எனக்குக் ‘கசிவுமுறிப்பி’ பிடிக்கிறது. கருவிப்பெயருக்கு நாம் இயல்பாகச் சேர்ப்பது இகர ஈறு: பாக்குவெட்டி, பூச்சிக்கொல்லி, தேங்காய் துருவி. ‘ஆன்’ ஆள்பெயர் போல ஒலிக்கிறது.

‘உருகி’ இதைவிடச் சிறப்பு. எதையோ உருக்குவதால் வந்த பெயரில்லை, தானே உருகுவதால் வந்தது. அந்த முறையில் பார்த்தால் ஆர்.சி.சி.பி. தானே என்ன செய்கிறது? மக்கள் ‘ட்ரிப் விழுந்துடுச்சு’ என்கிறார்கள். விழுவதை வைத்து ஒரு பெயர் அமையுமா என்று யோசிக்கிறேன்.

பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணம்

எங்கட பாடநூலில் பியூஸ் உருகிதான், பிரேக்கர் சுற்றுடைப்பான், சுவிட்ச் ஆளி. பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகின சொற்கள். வீட்டில எல்லாரும் ‘ட்ரிப் சுவிட்ச்’ எண்டுதான் சொல்லுவினம். கசிவு என்பதைவிட ‘மீதி மின்னோட்டம்’ சரியாகப் பொருந்தும் எண்டு நினைக்கிறன், ஏனெண்டால் கருவி அளக்கிறது போனதுக்கும் வந்ததுக்கும் இடையிலான மீதியைத்தான். இரண்டு கரைக்கும் ஒரே சொல் வந்தால் சந்தோசம்.

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

அம்மா, ‘மீதி’ என்றால் தமிழ்நாட்டில் கடைக்காரர் தரும் சில்லறை. மாணவனுக்கு அந்த நினைவுதான் வரும். ‘எச்சம்’ என்று போடலாமென்றால் அதற்கும் வேறு பொருள் வந்து நிற்கிறது. கசிவே நல்லது. கசிவு மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. ஒழுகினால் வாளி வைப்போம், கசிந்தால் சுவர் ஊறிய பிறகுதான் தெரியும். பக்திப் பாடல்களில் உள்ளம் கசிகிறது, ஒழுகுவதில்லை. மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. வல்லினம் மிகுமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடவேண்டும். பூச்சிக்கொல்லியில் மிகுகிறது, ‘மின்கசிவு தடுப்பான்’ என்று மிகாமலே அச்சிடுகிறார்கள்.

வயரிங் ஒப்பந்தக்காரர், கோவை

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வல்லினத்தைப் பிறகு பார்க்கலாம், இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பழைய வீட்டுக்குப் போனால் மரப்பலகையில் பீஸ் கம்பி மாட்டும் வெள்ளைப் பீங்கான் கிட்காட் வரிசையாக இருக்கும். பீஸ் கட்டையை உருவிப் பார்த்தால் பித்தளை நுனி கறுத்திருக்கும். 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் ஈயம் பூசிய கம்பி போடவேண்டிய இடத்தில், ஏதோ ஒயரை உரித்து எடுத்த செம்பு இழைகளை முறுக்கித் திருகியிருப்பார்கள். அது எந்தக் காலத்திலும் உருகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் வெந்துபோகும். நியூட்ரலிலும் ஒரு பீஸ் இருக்கும். அது மட்டும் போய்விட்டால் லைட் எரியாது, ஆனால் ஹோல்டரில் பேஸ் உயிரோடு நிற்கும்.

இதையெல்லாம் எடுத்துவிட்டு டி.பி. வைத்து ஆர்.சி.சி.பி. மாட்டினால் சில வீடுகளில் உடனே விழும். காரணம் பெரும்பாலும் ஒரு லைனின் நியூட்ரல் இன்னொன்றோடு கலந்திருப்பதுதான், அதுவும் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில். ஒயரைப் பிரித்துத் தேடிச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். அதற்குள் வீட்டுக்காரர், ‘தடுப்பான்னு சொன்னீங்க, கரண்டையே தடுக்குதே, எடுத்துடுங்க’ என்பார். சிலர் அவர் சொன்னபடி ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிட்டும் போய்விடுகிறார்கள். அதனால் தடுப்பான் என்ற பெயர் வேண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால் ‘ட்ரிப்பர்’ என்றே போடுங்கள். பையன்களுக்கு அதுதான் புரியும்.

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

தம்பி, புரிவது ஒன்றே அளவுகோல் என்றால் உருகியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், கரண்ட் போதும். ‘உணரி’ வந்தபோதும் யாருக்கும் புரியாது என்றார்கள், இன்று பாடநூலில் இருக்கிறது. எழுதினால்தான் பழகும்.

வயரிங் ஒப்பந்தக்காரர், கோவை

பழகட்டும் ஐயா, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடையில் போய்க் ‘கசிவுமுறிப்பி 40 ஆம்பியர் ஒன்று’ என்று கேட்டால் கொடுக்க ஆள் இல்லை. பெட்டி மேல் அச்சடித்திருப்பதும் கையேட்டில் இருப்பதும் ஒன்றுதான் என்று பையனுக்குத் தெரியவேண்டும். எம்.சி.பி.யை வாங்கி வந்து ‘வைத்துவிட்டேன்’ என்று நிற்பவர்களை நான் பார்க்கிறேன்.

மென்பொருள் தமிழாக்க ஆர்வலர், பெங்களூரு

‘உயிர்காப்பான்’ என்று வைத்தால் என்ன? மக்கள் ஆசையாக வாங்குவார்கள்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர், ஈரோடு

தம்பி, அது எல்லாவற்றையும்விட ஆபத்து. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், தரைக்குப் போவது பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. போனது முழுக்கத் திரும்பி வரும். கருவிக்கு அந்த ஆளும் ஒரு பல்பும் ஒன்றுதான், விழாது. உயிர்காப்பான் இருக்கிறது என்று மெயினை நிறுத்தாமல் கை வைப்பவனுக்கு யார் பதில் சொல்வது? ஓவர்லோடுக்கும் அது விழாது, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும்.

பெயர் செய்யும் வேலையை மட்டும் சொல்லவேண்டும், அதற்குமேல் வாக்குக் கொடுக்கக்கூடாது. கசிவைக் கண்டதும் துண்டிக்கிறது. ஆகவே ‘மின்கசிவுத் துண்டிப்பான்’. பில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

எல்லோருக்கும் நன்றி. அச்சகம் இன்று மாலைக்குள் கேட்கிறது. முதல் முறை வருமிடத்தில் ‘ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவுத் துண்டிப்பான்’, அதன்பின் துண்டிப்பான் என்று போடுகிறேன். பெட்டியின் படமும் வைத்திருக்கிறேன், ‘30 மி.ஆ.’ என்ற இடத்தை வட்டமிட்டு. தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கே சரி என்றார்கள். யாழ்ப்பாண அம்மாவின் சுற்றுடைப்பானைச் சொல்லடைவில் சேர்த்துவிட்டேன்.

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

அச்சுக்குப் போகட்டும், தடுக்கமாட்டேன். ஆனால் என் கருத்தில் மாற்றமில்லை. கருவிக்கு இகர ஈறுதான் இயல்பு, அடுத்த பதிப்பில் ‘துண்டிப்பி’ என்றாவது பரிசீலிக்கவேண்டும். ஒற்று மிகவேண்டும் என்பதை ஏற்றதற்கு நன்றி.

வயரிங் ஒப்பந்தக்காரர், கோவை

அம்மா, நீங்கள் அனுப்பிய மெய்ப்பைப் பார்த்தேன். சொல் சரி. ஆனால் புதிய பெட்டியில் நியூட்ரலுக்குத் தனி உருகி வைக்கக்கூடாது, நியூட்ரல் ஒயர்களை நேராக இணைக்கும் நியூட்ரல் லிங்க்தான் என்ற வரி அதில் இல்லை. ‘டி’ என்று எழுதிய சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லும் வரியும் இல்லை. மாலைக்குள் இந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.